ஓடும் பிள்ளைக்கு ஒரு கேமரா

அத்தியாயம் பதினொன்று

புதன்கிழமை விடிந்ததிலிருந்து ராகேலுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்பில் கஞ்சி கொதித்தது. அவள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் கஞ்சியைக் கிண்டினாள். மறுபடியும் வாசலுக்கு வந்தாள். ஆனிச் சாரல் சுசீந்திரத்து வயல்களின் மேல் வருவதும் போவதுமாக இருந்தது. கால்மணி நேரம் வெயில், பிறகு மூடாப்பு. அவளுக்கு இன்றைக்கு வெயில் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

"பிள்ளே, நீ இப்பிடிப் பாத்துக்கிட்டே நின்னா வானம் வெளுத்திருமா?"

சன்னலோரக் கட்டிலிலிருந்து மாமனார் ஞானாபரணத்தின் குரல். வார்த்தைகள் ஒருபக்கமாகச் சரிந்து வந்தன. நான்கு மாதமாக அப்படித்தான் வருகின்றன.

போன வாரம் மலேயாவிலிருந்து வந்த கடிதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ராகேல் அதை மனப்பாடமே பண்ணிவிட்டாள். அவள் புருஷன் செல்வதாஸ் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவன். கப்பல் ஏறும்போது மூத்தவன் மனுவேலுக்கு இரண்டரை வயது. இசபெல் வயிற்றில் இருந்தாள். இரண்டு வயது நிறைந்த மகளின் முகத்தை அவன் இன்னும் பார்த்ததில்லை. கடிதத்துக்குக் கடிதம் அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பிள்ளையின் படம்.

பிள்ளையோ அரைநிமிஷம் ஆடாமல் நிற்கிற ஜாதி இல்லை. ஸ்டூடியோவில் எடுத்தால் முகத்துக்குப் பதில் புகை விழுந்தது. கொழுந்தன் ராஜையன், பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார், கூட வேலை பார்க்கிறவரிடம் ஒரு பெட்டி கேமராவை இரவல் வாங்கிவந்து முயன்றான். நான்கு படத்திலும் அதே புகை. கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மத்தியானம் தூங்குமே, அப்போது எடுத்தால் என்ன?

எடுத்தான். அழகாக இருக்கட்டும் என்று வெள்ளைக் கவுன் போட்டு, கையைச் சேர்த்து வைத்து, கையில் பிச்சிப்பூவும் கொடுத்தான். தலைமாட்டில் மனுவேலை நிறுத்தி, "ஆடப்பிடாது, மூச்சு விடப்பிடாது" என்று அதட்டினான். அந்தப் பயல் அழப்போகிற முகத்தோடு நின்றான். படம் அத்தனை தெளிவாக விழுந்தது. ராஜையனுக்குப் பெருமை தாங்கவில்லை. ராகேலுக்கும்தான்; அவளே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தாள். அதுதான் இப்போது அவளைத் தின்கிறது.

இந்த ஊரில், உயிரோடு ஒரு படமும் எடுக்காத பிள்ளை இறந்துபோனால் அன்றைக்குத்தான் ஆள் கூப்பிட்டு முதல் படம் எடுப்பார்கள். வெள்ளை உடுப்பு, கையில் பூ, தலைமாட்டில் கூடப் பிறந்தவர்கள். எத்தனையோ வீட்டுப் பெட்டியின் அடியில் அப்படி ஒரு படம் கிடக்கிறது. அது தெரியாதவர்களா இவர்கள்? ஆனால் பிள்ளை தூங்குகிறது என்று தெரிந்தவர்களுக்குப் படத்திலும் தூக்கம்தான் தெரிந்தது. கடல் தாண்டிப் பார்த்தவனுக்கு அப்படித் தெரியவில்லை.

'எதையும் மறைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தான் செல்வதாஸ். 'படத்தைப் பார்த்துப் பதறிக் கேட்டதற்குப் பிள்ளை சுகம் என்று தந்தி கொடுத்தீர்கள். அம்மா இறந்தபோதும் மூன்று மாதம் சுகம் என்றுதானே எழுதினீர்கள்? நான் அவள் காலுக்கு முயல் சப்பாத்து வாங்கி அனுப்பினேனே, அது இனி யாருக்கு? ஜூலை பத்தாம் தேதி பினாங்கில் கப்பல். அதற்குள் என் மகள் கண்ணைத் திறந்து நிற்கிற படம் என் கையில் வராவிட்டால் நான் ஏறிவிடுவேன்.'

ஏறினால் எல்லாம் போயிற்று. ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம். நடுவில் விட்டு வருகிறவனுக்குக் கையில் ஒன்றும் கிடையாது. திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். இந்த வீட்டு அடுப்பு எரிவதே அந்தச் சம்பளத்தில்தான். ஆகாயத் தபாலுக்கு ஒன்பது பத்து நாள் வேண்டும். இன்று ஜூன் இருபத்தொன்பது. இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் நாகர்கோவில் தபாலாபீசில் படம் விழ வேண்டும்.

"மயினி, பஸ்சுக்கு நேரமாச்சு" என்று ராஜையன் வாசலில் நின்றான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஒரு வாரமாக அவன் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. "சவம், இந்த மழை வேற..."

"தம்பி, இன்னைக்கு அந்தச் சொல்லு என் காதுல விழப்பிடாது!"

ராஜையன் வாயைப் பொத்திக்கொண்டான். நாளைக்கு நூறு தடவை இந்த ஊர்க்காரர்கள் சொல்லுகிற சொல்தான். இன்று அவள் நெஞ்சு அதைத் தாங்காது.

இசபெலையும் மாமனாரையும் பக்கத்து வீட்டு நாகம்மையிடம் ஒப்படைத்துவிட்டு, மனுவேலின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். மடியில் ஒரு துணிமுடிச்சு. மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்னிக் கொடுத்துச் சேர்த்த எண்பது ரூபாய்.

வடசேரிச் சந்தைக்கு எதிர்வரிசையில் சிலுவைதாசனின் ஸ்டூடியோ. முன்பக்கம் கேமரா விற்பனை, பின்பக்கம் படம் கழுவுகிற இருட்டறை. சிலுவைதாசன் பருத்த மனிதர். வாடிக்கைக்காரரின் மனது தமக்குத்தான் தெரியும் என்கிற முகம்.

"பிள்ளையளை எடுக்கதுக்குத்தானே? இந்தா, பெட்டி கேமரா. இருவத்திரண்டு ரூபா. ஒரு பித்தானை அமுக்கினாப் போதும். பொம்பளையளுக்கு இதுதான் லேசு."

"இதுலதான் என் பிள்ளை நாலு மட்டம் புகையாப் போச்சு" என்றாள் ராகேல்.

"பிள்ளை ஆடியிருக்கும்."

"ஆடாத பிள்ளை எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, அதையே வாங்கிட்டுப் போறேன்."

ராஜையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைத் திருப்பினான். சிலுவைதாசன் கண்ணாடி அலமாரியைத் திறந்து வேறொன்றை எடுத்தார். மடக்குக் கேமரா; கதவைத் திறந்தால் கறுப்புத் துருத்தி நீண்டு வந்தது. புதுசு, நூற்று நாற்பது ரூபாய். ராகேல் தொடக்கூட இல்லை.

"இதே மாதிரிப் பழசு உண்டா?"

உண்டு. ஒரு தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. எழுபத்தைந்து ரூபாய். கையகலம்தான், மடக்கினால் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

"இது ஓடுற பிள்ளையைப் பிடிக்குமா?"

"ஒரு செக்கண்டை இருநூறாப் பிரிச்சா அதுல ஒண்ணு. அத்தனை வேகம் ஷட்டர்."

ராகேலுக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. வாய்வார்த்தையை நம்பி இந்தக் குடும்பம் பட்ட பாடு போதும் என்று இருந்தது. "எனக்குக் கண்ணால பாக்கணும்" என்றாள்.

சிலுவைதாசன் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு கேமராக்களின் முதுகுக் கதவையும் திறந்து நீட்டினார். "பிலிம் இருக்க வேண்டிய எடத்துல உம்ம கண்ணை வையும். நான் அமுக்குதேன்."

"மனுவேலு! வாசல்ல நின்னு சாடுலே!"

இன்றைக்கு ஆடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்றதும் மனுவேல் கூரையை முட்டுகிறவனாகக் குதித்தான். பெட்டி கேமரா வழியாகப் பார்த்தபோது வெளிச்சம் வந்து போவதற்குள் பயல் மேலிருந்து கீழே இழுபட்டுத் தெரிந்தான். பழைய மடக்குக் கேமராவில் 'ட்டிக்' என்று ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் மனுவேல் அந்தரத்தில் நின்றான். அவன் காலுக்கும் தரைக்கும் நடுவே சந்தைக்குப் போகிற மாட்டுவண்டிச் சக்கரம் தெரிந்தது.

"ஏ அம்மோ!" என்றாள் ராகேல்.

இதுதான் என்று முடிவாயிற்று. ஆனால் முடிச்சை அவிழ்க்கவில்லை. துருத்தியை இழுத்துப் பிடித்து, முந்தானையைத் தலையில் போட்டு மூடிக்கொண்டு, கேமராவின் முதுகுப்பக்கம் கண்ணை வைத்து வாசல் வெளிச்சத்துக்கு நேரே மெதுவாகத் திருப்பினாள். நாள் முழுக்க லேஸ் நூலின் கண்களை எண்ணிப் பழகிய கண் அது.

"இந்த மூலையில ஊசி ஓட்டை இருக்கு. வெளிச்சம் வருது."

"சேச்சே, இருக்காதே..." சிலுவைதாசன் வாங்கிப் பார்த்தார். இருந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேசாமல் கறுப்புத் துணியில் பொட்டளவு வெட்டிப் பசை போட்டு ஒட்டினார். அறுபத்தெட்டு ரூபாய்க்கு இறங்கி, ஒரு பிலிம் சுருளையும் தாமே போட்டுக் கொடுத்தார். எட்டுப் படம்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் மனதாரச் சொன்னது. "பிள்ளை பின்னால நீரு ஓடாதேயும். பதினைஞ்சு அடியில ஒரு அடையாளம் போட்டுக்கிடும். லென்சையும் பதினைஞ்சுல வையும். அது அந்த எடத்தைத் தாண்டும்போது அமுக்கும். இந்தத் துளையைச் சின்னதா வைக்கணும், அப்பத்தான் முன்னப் பின்ன ஆனாலும் தெளிவா விழும். ஆனா வெயில் பலமா வேணும், கேட்டேரா? துளையைச் சின்னதா வைச்சா பிள்ளைக்குப் பின்னால நிக்கதும் சேந்து தெளிவா விழும், அதையும் பாத்துக்கிடும்."

கடைசியில் சொன்னதை ராகேல் காதில் வாங்கவே இல்லை. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. வெயில் இருந்தது. ராகேலுக்குக் கை பரபரத்தது. வீட்டு முன்னால் தென்னந்தோப்புவரைக்கும் நீளமான முற்றம். பதினைந்து அடி அளந்து ஒரு தென்னை மட்டையைக் குறுக்கே போட்டாள். இந்தப் பக்கம் அவள். மட்டைக்கு அந்தப் பக்கம் வீட்டுச் சுவரும் சன்னலும்.

"மாமா, நீங்க கொஞ்சம் படுத்துக்கிடுங்க. சன்னல்ல தெரியப்பிடாது" என்றாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் ஞானாபரணம். "வாயைக் கோணிக்கிட்டு நான் படத்துல இருக்கவா? எங்காலத்துல நாரோல்ல இருந்து கன்னியாரிக்கு வண்டி ஓட்டினா ரோட்டுல போறவன் நின்னு பாப்பான்."

நாகர்கோவில், கன்னியாகுமரி ரோட்டில் பஸ் டிரைவராக இருந்தவர். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு காலை எழுந்திருக்கும்போது வலக்கையும் வலக்காலும் முகத்தில் பாதியும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. 'செல்வதாஸுக்கு எழுதப்பிடாது' என்று அன்றைக்கே சத்தியம் வாங்கிவிட்டார். ராஜையனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. ராகேல் நான்கு மாதமாக 'மாமா சுகம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். தூரத்துக்குக் குரல் எட்டாததால், யாரையாவது கூப்பிட வேண்டுமானால் பழைய பஸ்ஸின் ரப்பர் ஹாரனை இடக்கையால் அமுக்குவார். 'பாம்' என்று வீடே அதிரும்.

இசபெலுக்கு முயல் சப்பாத்தைப் போட்டார்கள். மூக்கில் வெள்ளை முயல்முகம் வைத்த சிவப்புச் சப்பாத்து. ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் மூலம் போன வாரம்தான் கைக்கு வந்திருந்தது. படத்தில் அது தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 'இது பழைய படம்' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவான். பிள்ளையோ காலை உதறிற்று. ஒன்றைப் போட்டால் மற்றொன்று கழன்றது.

முதல் படம்: இசபெல் ஓடிவந்தாள், ராகேல் அமுக்கிய பிறகுதான் விரல் லென்சின் முன்னால் இருந்தது தெரிந்தது. இரண்டாவது: ராஜையன் ஒரு தாரா வாத்தைத் துரத்திவிட, பிள்ளை அதன் பின்னாலேயே முற்றத்தைவிட்டு ஓடிவிட்டாள். மூன்றாவது: பிள்ளை மட்டைவரைக்கும் நேராக வந்தாள். வந்து அங்கேயே உட்கார்ந்து மட்டையின் நாரை உரிக்க ஆரம்பித்தாள். தலையின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. நான்காவதில் அவசரத்தில் சுருளைத் திருப்ப மறந்து ஒன்றின் மேல் ஒன்று எடுத்துவிட்டாள். ஐந்தாவதில் மனுவேல் குறுக்கே சாடினான்.

மேகம் வந்து மூடியது.

"இன்னும் மூணு படந்தான் மயினி" என்றான் ராஜையன். "எல்லாம் என்னால. பூவைக் கொண்டு அதுக்க கையில வச்சேனே..."

"நீங்க மட்டுமா வச்சிய? அந்தப் படத்தை முத்தம் கொடுத்துத் தபால்ல போட்டவ நான்." அழுதால் நேரம் போகும் என்று ராகேல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பம் அழாதிய தம்பி. வெயில் வரட்டும்."

முக்கால்மணி நேரம் வெயில் வரவில்லை. வந்தபோது பிள்ளைக்குத் தூக்கம் வர ஆரம்பித்திருந்தது. சன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைக் கசக்கியது. ராகேல் உள்ளுக்குள் கர்த்தரைக் கூப்பிட்டாள். இந்தப் பிள்ளை தூங்குவதை இனி அவளால் பார்க்க முடியாது.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து, பாம்! பாம்! பாம்!

"வண்டி வருது! ஒதுங்கு! ஒதுங்கு!"

இசபெல் வீரிட்டாள். தாத்தாவுக்கும் அவளுக்கும் தினமும் நடக்கிற விளையாட்டு அது. ஹாரன் அடித்தால் அவள் ரோட்டைவிட்டு ஓட வேண்டும். தூக்கம் எங்கே போயிற்றோ, சன்னலடியிலிருந்து புறப்பட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்து கத்திக்கொண்டு, நேரே ராகேலைப் பார்த்து ஓடிவந்தாள். முற்றத்து மழைத்தண்ணீர் தெறித்தது. மட்டையைத் தாண்டினாள்.

ட்டிக்.

"திரும்ப அடிங்க மாமா!" என்று ராகேல் கத்தினாள். இன்னும் இரண்டு எடுத்தாள். சுருள் தீர்ந்தது.

மூன்றேமுக்காலுக்கு, வடசேரி ஸ்டூடியோவில் சிலுவைதாசன் இருட்டறையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு. "ஆறாம் படம்" என்றார். "மத்ததெல்லாம் உதவாது. ஆனா இந்த ஒண்ணு... முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இந்த மாதிரி ஒண்ணு நான் எடுத்ததில்லை."

ராகேல் ஈரப் படத்தை ஓரத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய இசபெல்! இரண்டு காலும் தரையில் இல்லை. ஒரு காலில் முயல் சப்பாத்து. இன்னொன்று கழன்று காற்றில் நின்றது, முயலின் மூக்குகூடத் தெரிந்தது. தெறித்த சேற்றுத்தண்ணீர் துளித்துளியாக நின்றது. கண் இரண்டும் முழுசாகத் திறந்திருந்தன. முன்பல் நான்கும் தெரியச் சிரிப்பு.

"எம்மவளே" என்றாள் ராகேல். சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள்.

ராஜையன் சிரிக்கவில்லை. அவன் விரல் படத்தின் மேல்மூலையில் இருந்தது.

சன்னல். சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஞானாபரணம். படுத்திருந்தவர் ஹாரனோடு எப்போதோ நிமிர்ந்திருக்கிறார். பேத்தி ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார். இடப்பக்கத்து முகம்தான் சிரிக்கிறது. வலப்பக்கத்து முகம் தொங்கிக் கிடக்கிறது. இடக்கையில் ஹாரன், மடங்கிய வலக்கை கம்பியில் கோத்துக் கிடக்கிறது. எதையும் ஒளிக்காமல் அத்தனையும் தெளிவாக விழுந்திருந்தது.

"இதை அனுப்ப முடியாது" என்றான் ராஜையன் மெதுவாக. "பிள்ளைக்குன்னு வராம இருந்தாலும் அப்பாவுக்குன்னு அண்ணன் கப்பல் ஏறிருவான். மேல ஒரு வெட்டு வெட்டிருவோம் மயினி."

"வெட்டின படத்தை ஒங்க அண்ணன் நம்புவாவளா? எதை வெட்டினீயன்னுதான் முதல்ல கேப்பாவ."

"வெட்டாண்டாம் சாரே" என்றார் சிலுவைதாசன். "ரெண்டு நிமிஷம். அந்தச் சன்னலை மையால அடைச்சிருதேன். சன்னல்னா உள்ளே இருட்டுதானே? யாராலயும் கண்டுபிடிக்க முடியாது." அவர் மெல்லிய தூரிகையை எடுத்து மைப்புட்டியில் தொட்டுவிட்டார்.

சுவரில் மணி நான்கு பத்து. ராகேல் தூரிகையின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசைதான். ஏன் இல்லை? இரண்டு நிமிஷம். பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று தெரியும். அவன் ஏழு மாதம் வேலையை முடித்துவிட்டு நிம்மதியாக வருவான். மாமனாருக்குச் செய்துகொடுத்த சத்தியமும் நிற்கும். எல்லாருக்கும் நல்லதுதான்.

ஆனால் இந்தப் படத்தை எடுத்தது யார்? அவளா? அவர் ஹாரன் அடித்திராவிட்டால் பிள்ளை சன்னலடியில் தூங்கிப்போயிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அது ஓடிவந்தது. அந்த மனிதரின் மேலேயே மை பூசுவதா?

"வேண்டாம்" என்றாள்.

"மயினி!"

"ஒங்க அம்மா போனப்பவும் இப்பிடித்தான் தம்பி. ரெண்டு நிமிஷத்துல பேசி முடிவெடுத்தோம், எழுதாண்டாம்னு. அதனாலதான் இன்னைக்கு நம்ம தந்தியைக்கூட அவிய நம்பலை. இதையும் மறைச்சு, ஏழு மாசத்துல மாமா முகத்தை நேர்ல வந்து பாத்தா, அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரு எழுதுததை அவிய நம்புவாவ? எனக்குப் பயமாத்தான் இருக்கு. வந்திருவாவளோன்னு குலை நடுங்குது. ஆனா என்னால முடியாது."

ராஜையன் தன் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினான்.

இன்னொரு பிரதியும் போடச் சொல்லிவிட்டு, காய்ந்த படத்தின் பின்னால் அவள் எழுதினாள்: 'இசபெல். ஜூன் 29. சப்பாத்து சரியாக இருக்கிறது, அவள்தான் போடமாட்டேன் என்கிறாள். சன்னலில் மாமா. லெந்து நாளில் விழுந்தார்கள். மறைத்தது நான். பிள்ளை சிரிப்பது அவர்கள் அடித்த ஹாரனுக்குத்தான்.'

நான்கு ஐம்பதுக்குத் தபாலாபீஸ் சன்னலில் கவரைக் கொடுத்தாள். குமாஸ்தா முத்திரையைக் குத்தி உள்ளே எறிந்தார். இனி கை நீட்டி எடுக்க முடியாது. திரும்புகிற பஸ்ஸில் மனுவேல் அவள் மடியில் தூங்கினான். ராஜையன் எதிர் சீட்டில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். சத்தியத்தை மீறியதை மாமனாரிடம் எந்த வாயால் சொல்வது என்று அவள் வழிநெடுக யோசித்தாள். கோபக்காரர். ஹாரனைத் தூக்கி எறிந்தாலும் எறிவார்.

வீட்டில் நாகம்மை விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். ஞானாபரணம் விழித்திருந்தார்.

"அனுப்பியாச்சா?"

"ஆச்சு மாமா." ராகேல் இரண்டாம் பிரதியை அவருடைய இடக்கையில் வைத்தாள். வேறு வழி தெரியவில்லை.

அவர் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "ஏய்... சப்பாத்து பறக்கு!" என்றார். தோள் குலுங்கியது. பிறகு தோள் நின்றுவிட்டது. பார்வை படத்தின் மேல்மூலைக்குப் போயிருந்தது. விழுந்த நாளிலிருந்து அவர் முகம்பார்க்கும் கண்ணாடியைப் பக்கத்தில் வரவிட்டதில்லை.

"இது ஆரு?"

"நீங்கதான் மாமா." ராகேல் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "நான் மறைக்கலை. பின்னால எழுதியும் போட்டுட்டேன். ஒங்ககிட்டச் சொல்லாமச் செஞ்சது தப்புதான். ஏசுங்க."

அவர் ஏசவில்லை. படத்தை இன்னும் கண்ணருகே கொண்டுபோனார்.

"நான் சிரிக்கேனா இதுல?"

"ஆமா மாமா."

"எனக்கு இனி சிரிக்க வராதுன்னு நெனைச்சேன்" என்றார். படத்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். "இது அவன் கைக்குப் போக எத்தனை நாளாவும்?"

"ஒம்பது பத்து நாளு."

உதடு அசைய அவர் நாட்களை எண்ணினார். நல்ல கண் ஒன்று ஈரமாகி, சன்னலைப் பார்த்துத் திரும்பியது.

"பாத்துட்டு வருவானா மக்கா?"

விடிந்ததிலிருந்து ராகேல் ஓடிய ஓட்டமெல்லாம் செல்வதாஸ் வராமல் இருப்பதற்காகத்தான். ராஜையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எழுத வேண்டாம் என்று அவர் சொன்னதை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். மகனைப் பார்க்க வேண்டுமா என்று இந்த நான்கு மாதத்தில் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.